ஆறுல வை

பிப்ரவரி 6

அக்கா,

போனை நீ எடுப்பதில்லை. நேற்று அம்மா எடுத்து, நீ சொன்னதை அப்படியே ஒப்பித்தாள்: "போன்ல அவன் குறுக்க குறுக்க பேசுவானாம். எழுதச் சொல்லு, எழுதினா குறுக்க பேச முடியாதுன்னு சொல்றா." சரி, எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் விடுப்பு விண்ணப்பம் எழுதியதற்குப் பிறகு இதுதான் நான் எழுதும் முதல் கடிதம். ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பழுது பார்த்துவிட்டுக் கொடுக்கிற சர்வீஸ் ரிப்போர்ட் மாதிரி இருந்தால் பொறுத்துக்கொள்.

விஷயம் ஒன்றுதான். பார்லரில் ஆட்களின் தோல்மேல் சூடோ, ரசாயனமோ, கரண்டோ வைக்கிறவர்கள் ஜூன் முதல் தேதியிலிருந்து பயிற்சிச் சான்று காட்ட வேண்டும் என்று சுகாதார அலுவலகம் நோட்டீஸ் ஒட்டிவிட்டது. உனக்கு இரண்டு வழி இருக்கிறது. கல்லூரியில் ஒரு வருஷ டிப்ளமா, மாலை வகுப்பு. சேர்ந்த ரசீதைக் காட்டினாலே பார்லரைத் தொடர்ந்து நடத்தலாம். இல்லையென்றால் பத்து நாள் குறுகிய காலப் பயிற்சி, கடைசி நாளில் ஒரு பரீட்சை. நீ பத்து நாளில் சேரப்போவதாக அம்மா சொன்னாள். சேராதே.

உன் பார்லர் சுவரில் ஒன்பது சர்டிபிகேட் தொங்குகிறது. போன மாதம் வந்தபோது, நீ ஒருவருக்கு ஃபேஷியல் செய்துகொண்டிருந்த நேரத்தில் கூட்டிப் பார்த்தேன். பன்னிரண்டு நாள், ஐந்து நாள், மூன்று நாளில் இரண்டு, இரண்டு நாளில் மூன்று, ஒரு நாள், கடைசியாக ஓர் அரை நாள். மொத்தம் முப்பதரை. அந்த அரை நாளில் டீ இடைவேளையும் சேர்த்தியா என்று தெரியவில்லை. பதினொரு வருஷத் தொழிலுக்கு முப்பதரை நாள் படிப்பு.

எனக்குக் கல்லூரியில் முதல் ஆறு மாதம் ஸ்குரூடிரைவரையே கையில் தரவில்லை. எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் இன்றைக்குக் குறைமாதக் குழந்தைகள் படுக்கிற பெட்டியின் சூட்டை அரை டிகிரி பிசகாமல் வைக்கிறேன் என்றால் அந்த ஆறு மாதம்தான் காரணம். ஏன் என்று தெரிந்து செய்வது வேறு, சொன்னதைச் செய்வது வேறு. அன்றைக்கு உன்னிடம் வழக்கமாக வருகிற அந்த நூலகத்து அம்மா நாற்காலியில் இருக்கும்போதே இதை நான் சொன்னதுதான் உன் கோபம். சொன்ன இடம் தப்பாக இருக்கலாம். சொன்னது தப்பில்லை.

இன்னொன்று. வந்திருந்த மூன்று நாளில் ஸ்டீமருக்கு ஒயர் மாற்றினேன். நாற்காலி விளக்கைச் சரிசெய்தேன். முடி எடுக்கிற வாக்ஸை உருக்குகிற உன் பெரிய ஹீட்டரைப் பிரித்து, சூட்டை உணர்கிற சென்சாரை மாற்றி, அதன் கம்பெனிப் புத்தகப்படி சூட்டை அளந்து நேராக்கி வைத்தேன். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பரவாயில்லை.

கல்லூரி விண்ணப்பத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். மார்ச் 31 கடைசித் தேதி. பேர் எழுதுகிற இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்திருக்கிறேன்.

தம்பி


பிப்ரவரி 15

தம்பி,

"மீட்டர் லெட்டர் போட்டிருக்கான்" என்று அம்மா கொண்டுவந்து கொடுத்தாள். சின்ன வயதில் பள்ளிக்கூடப் பையில் கூட கரண்ட் அளக்கிற மீட்டரை வைத்துக்கொண்டு அலைந்தவனுக்கு அந்தப் பேர் இன்னும் பொருந்துகிறது. என் சுவரையும் அளந்துவிட்டாய்.

மதியம் இரண்டு மணிக்கு மேல் ஒரு மணி நேரம் ஆள் வராது. ஸ்டூலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கணுக்கால் வீங்கிச் செருப்பு வார் பதிந்து கிடக்கிறது. இதற்கும் ஏதாவது டிப்ளமா இருந்தால் சொல்.

முப்பதரை நாள், கூட்டல் சரிதான். நீ பாடத்தை முடித்துவிட்டு வேலைக்குப் போனாய். நான் வேலையைக் கையில் வைத்துக்கொண்டு பாடம் தேடினேன். ஒரு ஃபேஷியலில் சந்தேகம் வந்தால், திங்கட்கிழமை எங்கே வகுப்பு நடக்கிறது என்று பார்ப்பேன். திங்கள்தான் பார்லருக்கு விடுமுறை. அப்படி வந்தவைதான் அந்த ஒரு நாள், இரண்டு நாள் எல்லாம். அப்பா படுக்கையில் விழுந்தபோது நீ ஒன்பதாம் வகுப்பு. எனக்குப் பன்னிரண்டு நாள் கிடைத்தது. பதின்மூன்றாம் நாள் முதல் ஆளுக்குப் புருவம் எடுத்தேன். உனக்கு மூன்று வருஷம் கிடைத்தது. குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. கொஞ்சம் குத்திக்காட்டவும்தான்.

கல்லூரியைப் பற்றி எனக்கும் கொஞ்சம் தெரியும். போன வருஷம் டிப்ளமா முடித்த ஒரு பெண் என்னிடம் வேலைக்கு வந்தாள். முகத்தில் எத்தனை தசை, எது எந்தப் பக்கம் இழுக்கும் என்று படம் போட்டே காட்டினாள். வாயைப் பிளந்து பார்த்தேன். மேலுதட்டு முடிக்கு நூல் போடச் சொன்னால் கை நடுங்குகிறது. "அக்கா, நாங்க பொம்மத் தலையிலதான் நிறைய பண்ணினோம்" என்றாள். பொம்மை அழாது. அன்றைக்கு நாற்காலியில் இருந்தவர் அழுதார். மூன்று வாரத்தில் அவள் போய்விட்டாள். இப்போது ஒரு தோல் டாக்டரிடம் வரவேற்பில் உட்கார்ந்திருக்கிறாள். நன்றாக உட்கார்ந்திருக்கிறாள்.

நான் கற்ற பாடம் பெரியதில்லை. வாக்ஸ் வகுப்பில் டீச்சர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "உருக்கு, ஆறுல வை, மணிக்கட்டுல பாரு, பூசு." பதினொரு வருஷமாகப் பெரிய ஹீட்டரின் டயலை ஆறில் வைக்கிறேன். ஒருவருக்கும் ஒரு கொப்புளம் வந்ததில்லை. உன் 'ஏன்' எனக்குத் தெரியாது. கொப்புளம் வராதது தெரியும்.

நூலகத்து அம்மா முன்னால் நீ சொன்னதை நீ மறந்திருப்பாய், நான் எழுதுகிறேன். "பன்னெண்டு நாள்ல கத்துக்கிட்டு பதினோரு வருஷமா மனுஷங்க தோல்ல வெளையாடறே." அந்த அம்மா கண்ணைத் திறக்காமலே, "என் தோல் ஒண்ணும் புகார் பண்ணலையே தம்பி" என்றார். எனக்காக அவர் பேச வேண்டி வந்தது. அதுதான் என் கோபம்.

நீ சரிசெய்த ஹீட்டரை நான் தொடவில்லை. அலமாரி மேலே தூக்கி வைத்துவிட்டேன். சின்ன ஹீட்டரில் வேலை பார்க்கிறேன். அதற்கு டயலே கிடையாது. சுவிட்சைப் போட்டால் சுடும், நிறுத்தினால் அடங்கும். ஆள் சேர்ந்தால் போதவில்லை. போதாமலே இருக்கட்டும்.

பத்து நாள் வகுப்பு மார்ச் 16-ல் ஆரம்பம். பேர் கொடுத்துவிட்டேன்.

அக்கா

சாப்பிடுகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள். "நீங்க ரெண்டு பேரும் லெட்டர் போட்டுக்குங்க, நான் நடுவுல தபால்காரி" என்கிறாள்.


பிப்ரவரி 24

அக்கா,

சாப்பிடுகிறேன்.

நூலகத்து அம்மா முன்னால் பேசியது தப்பு. 'வெளையாடறே' என்றது இன்னும் பெரிய தப்பு. மன்னித்துக்கொள். இந்த இரண்டு வரிக்கு நாலு நாள் ஆனது, மறுபடி கேட்காதே.

இனி மற்றது. பொம்மைத் தலைப் பெண்ணின் கை நடுக்கம் ஆறு மாதத்தில் தானாகப் போய்விடும். தெரியாதது தானாகப் போகாது. மூன்று கேள்வி கேட்கிறேன், யாரையும் கேட்காமல் பதில் சொல். முகப்பருவுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஏன் வாக்ஸ் போடக்கூடாது? சர்க்கரை நோய்க்காரர் தோலில் சூடு வைப்பதற்கு முன் என்ன கேட்க வேண்டும்? ஒருவர் என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று நீ கடைசியாகக் கேட்டது எப்போது? பதில் இல்லையென்றால் அது உன் குற்றமில்லை. பன்னிரண்டு நாளில் அதற்கு இடம் இருந்திருக்காது. பத்து நாளில் மட்டும் எப்படி இருக்கும்?

கொப்புளம் வரவில்லை என்பது ஒரு ஆதாரமே இல்லை அக்கா. பிரேக் இல்லாத வண்டியும் மேட்டில் ஏறும்போது நன்றாகத்தான் ஓடும்.

ஹீட்டரைக் கீழே எடு. கோபம் என்மேல், அது உன்னை என்ன செய்தது? நீ வாங்கிய நாளிலிருந்து இப்போதுதான் அது சரியாக வேலை செய்கிறது. அதைப் பரண் பொருள் மாதிரி மேலே ஏற்றிவிட்டுச் சின்ன டப்பாவோடு மல்லுக்கட்டுவது உன் பிடிவாதம் மட்டும்தான்.

தம்பி


மார்ச் 9

தம்பி,

நீ ஜெயித்துவிட்டாய். முழுவதையும் ஒரே தடவை எழுதிவிடுகிறேன். இரண்டாம் தடவை எழுத முடியாது.

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. நாலு நாள் ஆன அந்த இரண்டு வரியை மட்டும் இரண்டு தடவை படித்தேன். பிறகு ஸ்டூல் போட்டு ஏறி ஹீட்டரை இறக்கித் துடைத்து வைத்தேன். உன் மன்னிப்பை ஏற்றுக்கொண்டேன் என்று எழுதுவதைவிட அது சுலபமாக இருந்தது.

வியாழக்கிழமை நூலகத்து அம்மா வந்தார். இரண்டு கைக்கும் வாக்ஸ். உருக்கினேன், ஆறில் வைத்தேன், இடது மணிக்கட்டில் தொட்டுப் பார்த்தேன். இளஞ்சூடு. எப்போதும் போலத்தான் இருந்தது. அவர் இடது முழங்கைக்குக் கீழே ஒரே வீச்சாகப் பூசினேன். அவர் கத்தவில்லை. கையை மட்டும் இழுத்துக்கொண்டு, "இன்னைக்கு ரொம்ப சுடுதும்மா" என்றார், டீயைச் சொல்வது மாதிரி. தண்ணீரில் பிடித்தேன். வாக்ஸ் ஒட்டிக்கொண்டது, உரிந்து வரவில்லை. வந்தபோது அதோடு வந்தது வாக்ஸ் மட்டுமில்லை.

டாக்டரிடம் நான்தான் கூட்டிப் போனேன். கட்டுப் போட்டுக்கொண்டே, "என்ன சூட்டுல வச்சீங்க?" என்று கேட்டார். ஆறு என்றேன். "ஆறு என்ன?" என்றார். எனக்குப் புரியவில்லை. மறுபடி கேட்டார். "ஆறுன்னா... என்ன ஆறு?" ஆறு என்றால் ஆறுதான், தம்பி. பதினொரு வருஷத்தில் அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

அங்கே வைத்துத்தான் தெரிந்தது, அந்த அம்மா இரண்டு வருஷமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். நீ எழுதிய மூன்று கேள்வியில் ஒன்று. கடிதம் மேஜை இழுப்பறையில் இருந்தது. நான் கேட்கவில்லை.

அவருடைய மகன் சுகாதார அலுவலகத்தில் புகார் கொடுத்துவிட்டார். கொடுக்கத்தான் வேண்டும். பார்லர் கதவில் மூடச் சொல்லித் தாள் ஒட்டியிருக்கிறது. 20-ம் தேதி நான் போய் எழுதிக் கொடுக்க வேண்டும். எனக்குப் போதிய பயிற்சி இல்லை, கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை, தப்பு முழுக்க என்னுடையது என்று எழுதப்போகிறேன். அப்படி எழுதினால் அனுமதி திரும்பக் கிடைக்காது, ஜூனுக்கு மேலும் கிடைக்காது என்று அங்கே இருக்கிற கிளார்க் சொன்னார். "யோசிச்சு எழுதுங்கம்மா" என்றார். யோசிக்க என்ன இருக்கிறது?

ஒன்பது சர்டிபிகேட் சட்டத்தையும் கழற்றிவிட்டேன். சுவரில் ஒன்பது கட்டம் மட்டும் புதுப் பெயிண்டாக இருக்கிறது. துணிக்கடையில் ஆள் எடுக்கிறார்களாம். நிற்கிற வேலை. நிற்கத் தெரியும் எனக்கு, அதற்குச் சர்டிபிகேட் கேட்க மாட்டார்கள்.

அக்கா


மார்ச் 12

அக்கா,

எதுவும் எழுதிக் கொடுக்காதே. தப்பு என்னுடையது.

போன் செய்தேன். "படுத்திருக்கா, எழுப்ப மாட்டேன்" என்று அம்மா வைத்துவிட்டாள். எப்படியும் அலுவலகத்துக்கு எழுத்தில்தான் வேண்டும். உள்ளே இரண்டு தாள் இருக்கிறது. இது உனக்கு. கையெழுத்துப் போட்ட இன்னொன்று அவர்களுக்கு.

ஜனவரி 27-ம் தேதி உன் ஹீட்டரைப் பிரித்தபோது டயலை ஆறில் வைத்து அளந்தேன். நாற்பத்து நாலு டிகிரி காட்டியது. புத்தகத்தில் ஆறுக்கு அறுபத்தெட்டு. சென்சார் பழுது, அநேகமாக நீ வாங்கிய நாளிலிருந்தே. புதுசு போட்டேன், மறுபடி அளந்தேன். அறுபத்தெட்டு. மூடி வைத்துவிட்டுக் கை கழுவப் போய்விட்டேன். உன்னிடம் சொல்லவில்லை. புத்தகப்படி ஆறு என்பது கட்டி வாக்ஸை உருக்குவதற்கு. பூசுவதற்கு இரண்டுதான். நீ பதினொரு வருஷமாக ஆறில் வைத்துப் பூசியிருக்கிறாய், பழுதான ஹீட்டர் அதை இரண்டாக்கிக் கொடுத்திருக்கிறது. உன் தப்பும் அதன் தப்பும் ஒன்றையொன்று சமாளித்துக்கொண்டு வந்திருக்கின்றன. நான் வந்து ஒன்றை மட்டும் சரிசெய்தேன். போதாததற்கு, அலமாரியிலிருந்து இறக்கு என்று கடிதமும் போட்டேன்.

எங்கள் கல்லூரியில் முதல் வாரம் சொல்லித் தருவது ஒப்படைப்புச் சீட்டு. எந்தக் கருவியைத் தொட்டாலும், என்ன பழுது, என்ன செய்தேன், பயன்படுத்துகிறவர் இனி எதை மாற்றிச் செய்ய வேண்டும் என்று எழுதி, அவர் கையெழுத்து வாங்காமல் அந்த இடத்தைவிட்டு நகரக் கூடாது. மூன்று வருஷத்தில் மூன்று தடவை அதற்குப் பரீட்சை வைத்தார்கள். மூன்றிலும் முழு மதிப்பெண். எந்த ஆஸ்பத்திரியிலும் ஒரு நாள் தவறியதில்லை. உன் பார்லரில் எழுதவில்லை. அக்கா வீடு, அதனால் விட்டேன் என்று முதலில் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது இல்லை. எழுதினால் உனக்குப் புரியாது என்று நினைத்தேன்.

சர்க்கரை மாத்திரையைக் கேட்டிருக்க வேண்டும்தான். ஆனால் அறுபத்தெட்டு டிகிரி யார் தோலையும் சுடும்.

அளந்த கருவி எங்கள் கம்பெனியுடையது. வெளிவேலைக்கு எடுக்கக் கூடாது. அதையும் அந்தத் தாளில் எழுதியிருக்கிறேன். அலுவலகத்திலிருந்து கம்பெனிக்குத் தெரிய வந்தால் வரட்டும். பாதியை விட்டுவிட்டு மீதியை எழுத எனக்கு வரவில்லை.

ஒன்று மட்டும் புரியவில்லை. அந்தச் சூடு மணிக்கட்டில் பட்டிருந்தால் நீ துள்ளியிருக்க வேண்டும். இளஞ்சூடு என்கிறாய். உண்மையிலேயே தொட்டுப் பார்த்தாயா? கேட்க எனக்குத் தகுதி இல்லை. ஆனால் கேட்காமல் விட்டால் பதில் வராது.

தம்பி


மார்ச் 26

தம்பி,

உன் தாளைக் கொடுத்துவிட்டேன். கொடுக்காமல் உன்னைக் காப்பாற்றலாமா என்று ஒரு நாள் தோன்றியது. பிறகு 'உனக்குப் புரியாது என்று நினைத்தேன்' என்ற வரியை இன்னொரு தடவை படித்தேன். கொடுத்துவிட்டேன்.

அங்கே இருந்த அதிகாரி ஒரு பெண்மணி. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு முழுதும் படித்தார். "உங்க தம்பியா? இவ்வளவு நேரா எழுதற ஆளை நான் பார்த்ததில்ல. கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "ஆகாது" என்று சொல்லிவிட்டுத் தாளைக் கோப்பில் வைத்தார்.

நூலகத்து அம்மாவும் கட்டுக் கையோடு வந்திருந்தார். "மருந்து பத்தி அவங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். கேக்கல. அதையும் எழுதிக்குங்க" என்றார். எழுதிக்கொண்டார்கள். வெளியே வந்ததும், எப்போது திறப்பாய் என்று என்னைக் கேட்டார். "இல்ல, இன்னொரு கை பாக்கி இருக்கே" என்றார். அவர் மகன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அனுமதியை ரத்து செய்யவில்லை. ஏதாவது ஒரு பயிற்சியில் சேர்ந்து, வகுப்பு தொடங்கிய பிறகு திறக்கலாம். பத்து நாளானாலும் சரி, ஒரு வருஷமானாலும் சரி என்றார்கள்.

நீ கேட்டதற்கு வருகிறேன். தொட்டுப் பார்த்தேன். உன் கடிதம் வந்த அன்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அம்மா என் இடது கையைப் பிடித்துத் திருப்பி, "இது எப்போ சுட்டுக்கிட்டே?" என்றாள். உள்பக்கம் ஒரு கோடு, காய்ந்து உரிந்துகொண்டிருந்தது. எனக்குத் தெரியவே தெரியாது. வெந்நீர் வைத்து ஒரு கரண்டி இடது மணிக்கட்டில் விட்டேன். இளஞ்சூடு. அம்மா கையில் விட்டேன். "ஏண்டி, அவன்மேல இருக்கிற கோபத்தை என்மேல ஊத்தறே" என்று கையைப் பிடுங்கிக்கொண்டாள். வலது மணிக்கட்டில் விட்டேன், கரண்டியைப் போட்டுவிட்டேன். பதினொரு வருஷமாக ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை, அதே கை, அதே இடம். அந்த இடத்தில் தோல் இருக்கிறது, சூடு தெரியவில்லை. உன்னை மீட்டர் என்று கிண்டல் செய்கிறோம். என் மீட்டர் எப்போது செத்தது என்றே எனக்குத் தெரியவில்லை.

ஏற்கெனவே பேர் கொடுத்திருந்ததால் பத்து நாள் வகுப்புக்கு முதல் நாள் போனேன். முப்பது பேர் இருந்தோம். வாக்ஸ் பாடத்தில் டீச்சர், "டயலை மூணுல வைங்க" என்றார். முப்பது பேனாவும் எழுதின. நான் கையைத் தூக்கி, "மூணு என்னங்க?" என்று கேட்டேன். "மூணுன்னா மூணுதாம்மா, எல்லா ஹீட்டரும் ஒண்ணுதான்" என்றார். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். டீ இடைவேளையில் வந்துவிட்டேன். டீ குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

ஆனால் பத்து நாளைத் திட்டி உன்னைச் சந்தோஷப்படுத்தப் போவதில்லை. வீட்டுக்கு வந்து என் பன்னிரண்டு நாள் நோட்டைத் தேடினேன். பெட்டியின் அடியில் இருந்தது. வாக்ஸ் பக்கத்தைக் கிழித்து இதோடு அனுப்புகிறேன், படித்துப் பார். என் கையெழுத்துதான்.

'உருக்கு. ஆற வை. மணிக்கட்டில் பார். பூசு.'

ஆறில் இல்லை, தம்பி. ஆற வை. எங்கள் வகுப்பில் ஹீட்டரே கிடையாது. அடுப்பில் சட்டி வைத்து உருக்கி, இறக்கி, ஆற வைத்துப் பூசினோம். டீச்சர் சரியாகத்தான் சொன்னார். நானும் சரியாகத்தான் எழுதியிருக்கிறேன். பிறகு டயல் வைத்த ஹீட்டர் வாங்கினேன், ஒன்றிலிருந்து எட்டு வரை எண் போட்டிருந்தது. காதில் இருந்தது போய் அந்த எண்ணில் ஒட்டிக்கொண்டது. நோட்டை மறுபடி திறக்கவே இல்லை. கூட ஒருத்தி படித்திருந்தால், வருஷத்துக்கு ஒரு பரீட்சை இருந்திருந்தால், 'என்ன ஆறு' என்று யாராவது கேட்டிருப்பார்கள்.

கல்லூரி விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டேன். பென்சில் புள்ளி வைத்த இடத்தில்தான் பேர் எழுதினேன். நீ சொன்னதற்காக இல்லை. பதினொரு வருஷமாக என்னை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை, அதற்காக.

அக்கா


ஏப்ரல் 6

அக்கா,

கம்பெனிக்குத் தெரிந்துவிட்டது. வேலை போகவில்லை. மூன்று மாதம் வெளியே போகக் கூடாது, ஸ்டோரில் உட்கார வேண்டும். திருகாணிகளை அளவு வாரியாகப் பிரித்துப் போடுகிறேன். பக்கத்து மேஜைக்காரர், "மூணு வருஷம் படிச்சிட்டு என்னப்பா இது" என்கிறார். நான் அடுத்த டப்பாவை எடுக்கிறேன். குறுக்கே பேசுகிற பழக்கம் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

உன் நோட்டுப் பக்கத்தைப் பார்த்தேன். நாலே நாலு வார்த்தை மாதிரி இருக்கிறது, அதில் எங்கள் புத்தகத்தில் இருக்கிறது எல்லாம் இருக்கிறது.

கூட ஒரு சீட்டு வைத்திருக்கிறேன். எங்கள் முறைப்படி இருக்கிற படிவம்தான், உனக்காக எதையும் சுருக்கவில்லை. கையெழுத்துப் போட்டு அனுப்பு. கடைசிக்கு முந்தைய வரி உன்னுடையது. அதை நான் நிரப்பக் கூடாது.

தம்பி


ஜூன் 14

தம்பி,

சீட்டை இவ்வளவு நாள் வைத்திருந்ததற்குக் காரணம் ஒன்றுமில்லை. கண்ணாடியில் செருகி வைத்திருந்தேன். தினமும் பார்த்தேன். என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

வகுப்பு தொடங்கி இரண்டு வாரம் ஆகிறது. பகலெல்லாம் நின்றுவிட்டு மாலையில் போய் உட்கார்ந்தால் எலும்புப் பாடத்தில் கண் சொருகுகிறது. டீச்சருக்கு என்னைவிட நாலு வயது குறைவு. என்னை அக்கா என்று கூப்பிடுவதா வேண்டாமா என்று தடுமாறுகிறார். ஹீட்டரெல்லாம் புதுசு. எண் தானாக மின்னுகிறது, டிகிரியில். யாரும் மணிக்கட்டை நீட்டுவதில்லை. கையைத் தூக்கி, கரண்ட் போய்விட்டு வந்தால் அந்த எண்ணை நம்பலாமா என்று கேட்டேன். தெரியாது, பார்த்துச் சொல்கிறேன் என்றார். மறுநாள் பார்த்துச் சொன்னார். அதற்காகவே இன்னும் போய்க்கொண்டிருக்கிறேன்.

நூலகத்து அம்மா நேற்று வந்தார். வலது கை. மருந்து கேட்டேன், எழுதிக்கொண்டேன். டயலை இரண்டில் வைத்தேன். என் வலது மணிக்கட்டில் பார்த்தேன், பிறகு அவர் மணிக்கட்டில் ஒரு சொட்டு. "சரியா இருக்கு" என்றார். அப்படியும் கொஞ்ச நேரம் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "என்னம்மா?" என்றார். "ஒண்ணுமில்ல" என்றேன். அப்போதுதான் அந்த வரியில் என்ன எழுதுவது என்று தெரிந்தது.

சீட்டு இதோடு இருக்கிறது.

அக்கா


ஒப்படைப்புச் சீட்டு

கருவி: வாக்ஸ் ஹீட்டர், பெரியது.

இருந்த பழுது: சென்சார். ஆறில் வைத்தால் நாற்பத்து நாலு டிகிரிதான் வந்தது.

செய்த வேலை: சென்சார் மாற்றப்பட்டது. இப்போது ஆறில் அறுபத்தெட்டு டிகிரி.

பயன்படுத்துகிறவர் மாற்றிச் செய்ய வேண்டியது: உருக்கிய பிறகு டயலை இரண்டுக்குக் கொண்டுவரவும். பழைய எண்ணை நம்ப வேண்டாம்.

வேலை செய்த தேதி: ஜனவரி 27.

சீட்டு எழுதிய தேதி: ஏப்ரல் 6. அறுபத்தொன்பது நாள் தாமதம். காரணம்: வேலை செய்தவரின் அலட்சியம்.

பயன்படுத்துகிறவர் குறிப்பு: ஆற வை.

பெற்றுக்கொண்டவர் கையெழுத்து: அக்கா